ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்

தபால்காரியின் வலது முட்டி எப்போது போனது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே கால். துறைகளுக்கிடையே நடந்த பெண்கள் வாலிபால் போட்டியில் தபால் துறைக்கும் மின்வாரியத்துக்கும் கடைசி செட். வலைக்கு மேலே எழும்பிப் பந்தை ஓங்கி அடித்துவிட்டு அவள் கீழே இறங்கினாள். பாதம் தரையில் ஊன்றிக்கொண்டது. உடம்பு இடப்பக்கம் திரும்பியது. நடுவில் மாட்டிக்கொண்ட முட்டி உள்பக்கமாக மடிந்து 'டப்' என்று ஒரு சத்தம் போட்டது. வலைக்கம்பத்தருகே நின்ற நடுவருக்குக்கூட அது கேட்டது. ஷூ கிழிந்துவிட்டதாக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டிக்கும் தொடைக்கும் வித்தியாசம் தெரியாமல் வீங்கிவிட்டது. கூடவே இருக்கும் அவளுடைய அக்கா தையல்காரி. வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது சுளுக்கு இல்லடி. உள்ள ஏதோ அறுந்திருக்கு. துணியில நூல் போனா இப்படித்தான் தொளதொளன்னு இருக்கும்" என்றாள்.

துறை விளையாட்டில் அடிபட்டவர்கள் விளையாட்டுக் காய உயர் மையத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது அலுவலக விதி. மற்ற எந்த ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் மருத்துவ விடுப்பு கிடைக்காது. தபால்காரி தபால் கொடுக்க வேண்டிய பகுதியில் இருந்தவை லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடங்கள் பதினாறு. முட்டி இல்லாமல் அவற்றில் ஏறி இறங்க முடியாது. எனவே மறுநாள் காலையிலேயே அக்கா தோள் கொடுக்க, அவள் உயர் மையத்துக்குப் போனாள்.

உயர் மையம் முழுக்கக் கண்ணாடியால் ஆனது. வாசலில் ஓடுகிற மனிதனின் வெண்கலச் சிலை. அதன் பின்னால் பத்தொன்பது படிகள். சக்கர நாற்காலிக்கு வழி எங்கே என்று அக்கா காவலாளியைக் கேட்டாள்.

"இது வீரர்கள் வர்ற இடம்மா. வீரர்களுக்கு எதுக்குச் சக்கர நாற்காலி" என்றார் அவர்.

தபால்காரி பத்தொன்பது படிகளையும் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஏறினாள்.

பதிவு எழுத்தர் நல்ல மனிதர். ஒவ்வொரு படிவத்தையும் பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்தினார்.

"என்ன விஷயம்?"

"முட்டிங்க. வாலிபால்ல குதிச்சு அடிச்சேன். இறங்கும்போது மடங்கிடுச்சு."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "குதிச்சது விளையாட்டு. அதுல தகராறே இல்ல. இறங்கினது?"

"குதிச்சா இறங்கித்தானே ஆகணும்" என்றாள் அக்கா.

"அது பேச்சுக்குச் சரி. ஆனா இறங்குறது எல்லாரும்தான் இறங்குறாங்க. பஸ்ல இருந்து இறங்குறாங்க, ஏணியில இருந்து இறங்குறாங்க. அதெல்லாம் பொது விபத்து. எங்ககிட்ட வராது. இவங்க இறங்கும்போது பந்து ஆட்டத்துல இருந்துச்சா, செத்துப் போச்சா?"

"நான் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். பந்தைப் பாக்கலைங்க."

"பாத்திருக்கணும்" என்று வருத்தத்தோடு சொன்னார் எழுத்தர். "பந்து உயிரோட இருந்தா இறங்கினதும் விளையாட்டு. இல்லேன்னா வெறும் இறக்கம். நடுவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க. ரெண்டு பிரதி."

நடுவர் வேறொரு போட்டிக்காக வெளியூர் போயிருந்தார். அவரைப் பிடித்துக் கடிதம் வாங்க ஒன்பது நாள் ஆனது. 'மேற்படியாருடைய முட்டி மடங்கிய நொடியில் பந்து எதிரணியின் பின்வரிசையில் உயிருடன் இருந்ததை நான் என் கண்ணால் கண்டேன்' என்று அவர் எழுதிக் கொடுத்தார். எழுத்தர் அதை இரண்டு முறை வாசித்து, "இப்ப இது காயம்" என்று முத்திரை குத்தினார். அந்த ஒன்பது நாளில் வீக்கம் முக்கால்வாசி வடிந்திருந்தது. முட்டி மட்டும் நடக்கும்போது திடீர் திடீரென்று காலை வாரிவிட்டது.

உயர் மையத்தில் முட்டியை நான்காகப் பிரித்திருந்தார்கள். முன்முட்டி இரண்டாவது மாடி. பின்முட்டி ஐந்தாவது மாடி. உள்முட்டியும் வெளிமுட்டியும் மூன்றாவது மாடியில் எதிரெதிர் அறைகள். இரண்டு பிரிவுத் தலைவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு நோயாளியின் முட்டி உள்முட்டிக்குச் சேர்ந்ததா வெளிமுட்டிக்குச் சேர்ந்ததா என்று ஒரு மாநாட்டில் தொடங்கிய சண்டையாம் அது.

முன்முட்டி மருத்துவர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார். "வலி ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எவ்வளவு?"

"ஆறு இருக்கும் டாக்டர். ஆனா வலி பெருசில்ல. முட்டி நழுவுது. படியில இறங்கினா காலு என்னுது மாதிரியே இல்ல."

"நழுவுறதுக்கு இதுல கட்டம் இல்ல. ஆறுன்னு போடுறேன்." தட்டச்சு செய்தார். "உங்க தரவரிசை என்ன?"

"என்ன வரிசைங்க?"

"விளையாட்டுத் தரவரிசை. ஸ்கேனுக்கு அதை வெச்சுத்தான் நாள் குடுப்போம். உலக அளவுல உங்க இடம்?"

தபால்காரி யோசித்தாள். "எங்க வட்டத்துல ஆறு பேர் ஆடுறோம். ஒருத்தி பிரசவ லீவு. அப்போ நான் அஞ்சுக்குள்ள இருப்பேன்."

மருத்துவர் அதை எங்கேயோ ஏற்றினார். இயந்திரம் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டது. பதினான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ஸ்கேனுக்கு நாள் விழுந்தது. அவர் ஒரு முறைகூடக் குனிந்து காலைப் பார்க்கவில்லை. முழங்காலுக்கு மேல் மடித்து விட்டிருந்த கால்சட்டையை அவள் அப்படியே கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள்.

பின்முட்டி, உள்முட்டி, வெளிமுட்டி மூன்றிலும் இதே கதைதான். வெளிமுட்டி மருத்துவர் மட்டும் கொஞ்சம் அக்கறையாக, "உள்முட்டிக்காரர் உங்ககிட்ட என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

கடைசியில் நான்கு பிரிவுகளும் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தன. ஐஸ்.

"ஐஸ் அடிபட்ட அன்னைக்கே வெச்சாச்சு. அடுத்த ரெண்டு நாளும் வெச்சேன். இப்பத்தான் வீக்கமே இல்லையே" என்றாள் அக்கா.

"அது நீங்க வெச்ச ஐஸ்" என்றார் செவிலியர். "எங்க முதல் கட்டம் ஐஸ். முதல் கட்டம் முடியாம ரெண்டாவது கட்டத்துக்குக் கோப்பு நகராது. நாப்பது அமர்வு."

ஐஸ் அறையில் முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வருடமாக முழங்கை வலிக்கிற டென்னிஸ்காரர் ஒருவர் முழங்கையில் ஐஸ் வைத்திருந்தார். குதிகால் நரம்பு அறுந்த ஓட்டக்காரி ஒருத்தி. அவளுக்குப் பக்கத்தில் தோள்பட்டை கழன்ற மல்யுத்தக்காரர். அவருடைய தோள் கழன்றபடியே இருந்தது. அதன் மேல் ஐஸ் இருந்தது.

"அதைத் தூக்கி மாட்டச் சொல்லலியாண்ணே?" என்று தபால்காரி கேட்டாள்.

"மாட்டுறது மூணாவது கட்டம். எனக்கு இன்னும் பதினோரு ஐஸ் பாக்கி இருக்கு தங்கச்சி" என்றார் மல்யுத்தக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு.

எதிர்ச்சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் உயர் மையத்தின் இயக்குநர் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாற்பது நாளில் அது தபால்காரிக்கு மனப்பாடமாகிவிட்டது.

"நம் மையத்தில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் ஆடுகளத்துக்குத் திரும்புகிறார்கள். மீதி இரண்டு பேர் ஏன் திரும்பவில்லை என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு குழு அமைத்து ஆராய்ந்தேன். திரும்பி வருகிறவன்தான் உண்மையான வீரன் என்பது விளையாட்டின் இலக்கணம். அவர்கள் திரும்பவில்லை. ஆகவே அவர்கள் வீரர்களே அல்ல என்று குழு கண்டறிந்தது. அவர்களுடைய பெயர்களை நீக்கினோம். இன்று, பெருமையோடு சொல்கிறேன், நூற்றுக்கு நூறு."

முப்பத்தோராவது ஐஸ் நாளன்று அவள் கழிப்பறை தேடி வழி தவறி அடித்தளத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஜன்னலில்லாத ஓர் அறையில் ஒரு நடுவயது பிசியோக்காரர் தனியாக உட்கார்ந்து ரப்பர் பட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது கட்டத்துக்கு யாரும் வந்து சேராததால் அவருக்கு அதிகம் வேலை இல்லை. அவள் நடந்த நடையைப் பார்த்ததும், "படும்மா இதுல" என்று மேசையைக் காட்டினார்.

முதலில் அவளுடைய நல்ல முட்டியைத் தொட்டார். பிறகு கெட்டதை. லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே மறு கையால் முன்னால் இழுத்தார். எலும்பு மேசை இழுப்பறை மாதிரி வெளியே வந்தது. உள்ளே எதுவும் பிடித்து நிறுத்தவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

"விழுந்தப்போ டப்புனு கேட்டுச்சா?"

"ஆமாங்க."

"ஒரு மணி நேரத்துக்குள்ள வீங்கிடுச்சா? இப்ப திரும்பினா நழுவுதா?"

"ஆமாங்க, ஆமாங்க."

"முட்டி நடுவுல இருக்கிற லிகமென்ட் சுத்தமா அறுந்து போச்சும்மா. ஐஸ் வெச்சு ஒண்ணும் ஆகாது. ஆபரேஷன் பண்ணணும், அப்புறம் ஆறேழு மாசம் பயிற்சி. அதுவரைக்கும் படி ஏறாதீங்க. இன்னொரு தடவை திருகினா பக்கத்துல இருக்கிற ஜவ்வும் கிழியும்."

முக்கால் நிமிடம்தான் ஆகியிருக்கும். தபால்காரிக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. நான்கு பிரிவுகளுக்கும் ஏறி இறங்கியும் கிடைக்காதது இதுதான். ஒரு ஆள் கையால் தொட்டுப் பார்த்தது.

"இதைச் சீட்டுல எழுதித் தாங்கய்யா."

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் நோயைக் கண்டுபிடிக்கக் கூடாதும்மா. போன வருஷம் ஒருத்தருக்குக் கண்டுபிடிச்சிட்டேன். அதுக்குத்தான் என்னை இங்க அனுப்பினாங்க."

நாற்பதாவது ஐஸ் முடிந்த அன்றே மருத்துவ விடுப்பும் முடிந்தது. அடுத்த கட்டத்தின் பெயர் 'இலகுவான செயல்பாடு' என்றும், வீரர்களுக்கு அதன் பொருள் மெதுவோட்டம் என்றும், தபால் கொடுப்பது மெதுவோட்டத்தைவிட இலகுவானது என்றும் அவளுடைய சீட்டில் எழுதியிருந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். பத்தாவது நாள், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது முட்டி காலை வாரியது. எட்டுப் படி உருண்டாள். எழுந்திருக்கப் பார்த்தபோது முட்டி பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டிருந்தது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை.

அக்கா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்படியே ஆட்டோவில் உயர் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பத்தொன்பது படிகளில் மல்யுத்தக்காரர் நல்ல கையால் ஒரு பக்கம் தாங்கினார். மாடி மாடியாக ஏறி அக்கா போட்ட சத்தத்தில் கோப்பு ஒரே பாய்ச்சலில் கடைசிக் கட்டத்துக்குப் போய் விழுந்தது. ஆடுகளம் திரும்பும் குழு, எட்டாவது மாடி, தலைவர் இயக்குநர்.

டிவியில் இருந்ததைவிட இயக்குநர் குள்ளமாக இருந்தார். குரல் மட்டும் அதே குரல்.

"சகோதரி எதற்காக வந்திருக்கிறார்?"

"முட்டி பூட்டிக்கிச்சு சார். ரொம்ப வலிக்குது."

"வலி என்பது வீரனின் மொழி. அதை நாங்கள் மொழிபெயர்ப்பதில்லை. எங்களிடம் அறிவியல் இருக்கிறது." அவர் சுட்டிய இடத்தில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் அளவு நாடாவோடு ஓர் இளம் மருத்துவர். "ஒற்றைக்கால் குதிப்புத் தேர்வு. முதலில் நல்ல காலில் குதிக்க வேண்டும். பிறகு காயம்பட்ட காலில். இரண்டையும் ஒப்பிடுவோம். எண்கள் பொய் சொல்லாது."

"இவளால நிக்கவே முடியல. எப்படிக் குதிப்பா?" என்றாள் அக்கா.

"குதிக்க மறுத்தால் ஒத்துழையாமை என்று பதிவாகும். ஒத்துழைக்காதவர் வீரர் அல்ல. வீரர் அல்லாதவருக்குக் காயமும் இல்லை."

தபால்காரி அக்காவைப் பார்த்தாள். வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு கோட்டருகே நின்றாள். இடது காலில் ஒருமாதிரி குதித்துவிட்டாள். ஒரு மீட்டர் இருபது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வலது காலுக்கு மாறினாள். பாரம் இறங்கியதுமே முட்டி காலை வாரிவிட்டது. அவள் குதிக்கவே இல்லை. வெட்டிய மரம் மாதிரி முன்பக்கமாகக் குப்புற விழுந்தாள். மோவாய் தரையில் இடித்தது.

அக்கா அவள் மேல் பாய்ந்தாள். இளம் மருத்துவரும் குனிந்தார். அவர் குனிந்தது நாடாவோடு.

"கோட்டில் இருந்து எதுவரைக்கும் சார் அளக்கணும்?"

"உடல் தரையைத் தொட்ட இடம் வரைக்கும்" என்றார் இயக்குநர்.

மருத்துவர் கோட்டிலிருந்து அவள் மோவாய் வரைக்கும் நாடாவை இழுத்தார். "ஒரு மீட்டர் நாப்பது சார்."

அறையில் மெல்லிய கைதட்டல் எழுந்தது. காயம்பட்ட கால் நல்ல காலைவிட இருபது சென்டிமீட்டர் கூடுதலாகப் பாய்ந்திருந்தது. மையத்தின் வரலாற்றில் அப்படி ஒரு முடிவு இதுவரை வந்ததில்லை. இயக்குநர் எழுந்து வந்து, தரையில் கிடந்தவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சகோதரி, நீங்கள் குணமாகவில்லை. அதற்கும் மேலே போய்விட்டீர்கள். உங்கள் இடது காலைத்தான் இனி நாங்கள் கவனிக்க வேண்டும்."

முழுத்தகுதிச் சான்றிதழ் தடித்த தாளில், பொன்னிற எழுத்தில் வந்தது.

 அக்கா கர்ச்சீப்பால் தங்கையின் மோவாயில் கசிந்த ரத்தத்தைத் துடைத்தாள். "கிளம்பு" என்றாள். வெளியே வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றினாள். விடுப்பு கிடைக்காவிட்டால் சம்பளமில்லா லீவு, வேலையே போனால் தையல் மிஷின் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவில் சுவரெல்லாம் காரை பெயர்ந்திருந்தது. விசிறி ஒன்றே ஒன்று. அன்றைய டோக்கன் தீர்ந்துவிட்டதால் மறுநாள் காலை மறுபடி வந்தார்கள். டோக்கன் நாற்பத்தேழு. வரிசையில் அவர்களுக்கு முன்னால் ஒருவர், கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தை எக்ஸ்ரே உறையால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா உறையை விலக்கிப் பார்த்தாள். நாடா பிடித்த அதே இளம் மருத்துவர்.

"நீங்க எங்க இங்க?"

"நேத்து ஷட்டில் ஆடும்போது பிசகிடுச்சுக்கா" என்றார் அவர் தரையைப் பார்த்து.

"அங்கயே காட்டியிருக்கலாமே. ஐஸ் வெப்பாங்க."

அவர் உறையை மறுபடி முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். "தயவுசெஞ்சு அங்க சொல்லிடாதீங்க" என்றார்.

உள்ளே இருந்த டாக்டரம்மா சாப்பாட்டு நேரம் தாண்டியும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரியைப் பெஞ்சில் படுக்க வைத்து முதலில் நல்ல முட்டியைத் தொட்டார், பிறகு மற்றதை. பிசியோக்காரர் செய்ததையே செய்தார். நாலு நாளில் ஸ்கேன், அடுத்த வாரம் ஆபரேஷன். முடிந்த பிறகு கட்டிலருகே வந்து நின்றார்.

"லிகமென்ட்டுக்குப் பதில் தொடையில இருந்து ஒரு தசைநாரை எடுத்து வெச்சாச்சு. அது பிடிச்சுக்கும். ஜவ்வுதான்... ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா அது கிழிஞ்சிருக்கவே கிழிஞ்சிருக்காது. இப்ப நைஞ்சு போனதை வெட்டித்தான் எடுத்தேன். நடக்கலாம், படி ஏறலாம், எல்லாம் பண்ணலாம். குதிக்க வேண்டாம்மா."

"வாலிபால் டாக்டர்?"

டாக்டரம்மா கூடாதென்று தலையை ஆட்டினார். தபால்காரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா அன்று முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பழைய தலையணை உறைக்குத் தையல் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதம் கழித்து உயர் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழா. 'ஒரு மீட்டர் நாற்பது' என்கிற சாதனைக்காக அவளைக் கௌரவிக்கப் போகிறார்களாம். போகவே வேண்டாம் என்றாள் தபால்காரி. "போகலாம்டி" என்றாள் அக்கா. "நீ உக்காந்து ஏறின படியை ஒரு தடவை நடந்து ஏறிப் பாக்க வேண்டாமா?"

நடந்தே ஏறினாள். அரங்கம் நிறைந்திருந்தது. கூட்டம் போதாதென்று ஐஸ் அறையிலிருந்த எல்லோரையும் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். டென்னிஸ்காரர் இருந்தார். குதிகால் அறுந்த ஓட்டக்காரி இருந்தாள். மல்யுத்தக்காரர் இரண்டாவது சுற்று ஐஸில் இருந்தார். இயக்குநர் நூற்றுக்கு நூறைப் பற்றிப் பேசி முடித்து, பொன்னாடை போர்த்தி, ஒலிபெருக்கியை அவளிடம் தந்தார்.

"நம் சிகிச்சையைப் பற்றிச் சகோதரி இரண்டு வார்த்தை சொல்வார்."

தபால்காரிக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. கீழே இருந்த முகங்களைப் பார்த்தாள். எல்லோருடைய மடியிலும் ஐஸ் பை.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு வலிக்கிற இடத்தை இங்க யாராவது கையால தொட்டுப் பாத்தாங்களா? பாத்திருந்தா கையைத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. பின்வரிசையில் அடித்தளத்து பிசியோக்காரர் மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"என் முட்டியைச் சரி பண்ணது பெரிய ஆஸ்பத்திரியில. எலும்புப் பிரிவு, பன்னெண்டாம் நம்பர் வார்டு. காலையில எட்டு மணிக்கு டோக்கன் குடுப்பாங்க, மதியானம் ரெண்டு மணிக்கு இன்னொரு தடவை குடுப்பாங்க. வாசல்ல இருந்து நேர் பஸ் இருக்கு. இப்ப மணி ஒண்ணேகால்."

ஒலிபெருக்கியை மேசையில் வைத்துவிட்டு அவள் இறங்கினாள்.

 மல்யுத்தக்காரர் ஐஸ் பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். ஓட்டக்காரி எழுந்தாள். டென்னிஸ்காரர் எழுந்தார். ஒவ்வொருவராக, நொண்டியும் விந்தியும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டும், முப்பது நாற்பது பேர் கதவைப் பார்த்து நகர்ந்தார்கள். பதிவு எழுத்தர் பதறிப்போய் இயக்குநரின் முகத்தைப் பார்த்தார்.

இயக்குநர் சற்றும் கலங்கவில்லை. ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"விருந்தினர்களே, நீங்களே கண்ணால் பாருங்கள். தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவரப்பட்டவர்கள், இன்று தங்கள் சொந்தக் காலில் எழுந்து வெளியே நடக்கிறார்கள்."

முன்வரிசை விருந்தினர்கள் கைதட்டினார்கள். எழுத்தர் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை பேர் குணம்னு போடட்டும் சார்?"

"எல்லாரையும் போடு" என்றார் இயக்குநர். "அந்த பிசியோவும் போறான் பாரு, அவனையும் சேத்துப் போடு."